படம் வரையும் யந்திரம்: நம் கையாலேயே அமைக்கலாம்

கைத்தொழில் செய்வோருக்குக் கருவி என்பது இன்னொரு கை. தறியாயினும் ஏராயினும் அதன் அமைப்பை நன்கு அறிந்தவர் அதனைத் தம் விருப்பப்படி ஆள்கிறார். அறியாதவரோ சிறு பழுதுக்கும் பிறர் வீட்டு வாயிலில் காத்திருக்கிறார். இக்காலத்தில் மின்னணுக் கருவிகள் நம் தொழில்களுக்குள் விரைந்து நுழைந்து வருகின்றன. நெசவுச் சித்திரங்கள் கணினியில் வரையப்படுகின்றன. ஜக்கார்டு பெட்டியும் மின்னணு வடிவம் பெற்றுவிட்டது. ஆகவே இவற்றின் அடிப்படையை நம் அங்கத்தினர்களும், அவர்களுடைய வீட்டுப் பிள்ளைகளும் கைப்பழக்கமாக அறிந்துகொள்வது நன்று. அதற்கு ஏற்ற எளிய பாடமாக, மின்னணுவியலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பல நாடுகளிலும் வீட்டிலேயே அமைத்து வரும் சித்திர யந்திரத்தைப் பற்றி இவ்விதழில் கூற விரும்புகிறோம்.

தறியின் வழி வந்த அறிவு

சித்திர யந்திரம் நெசவாளருக்கு அந்நியமான பொருளன்று. பிரான்சு தேசத்தில் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டு தம் பெயரால் இன்றும் வழங்கும் கருவியை அமைத்தார். அட்டையில் துளை இருந்தால் கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லையேல் தூக்காது. இவ்வளவே அதன் உட்பொருள். ஆயினும், ஒரு வடிவத்தை "உண்டு, இல்லை" என்னும் இரண்டே சொற்களால் எழுதி, அவ்வெழுத்தைக் கொண்டு ஒரு யந்திரத்தை இயக்கலாம் என்னும் பெரிய கருத்து அதனால் நிலைபெற்றது.

1839-இல் அதே நகரில் ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பட்டில் நெய்யப்பட்டது. அதற்குத் தேவைப்பட்ட அட்டைகள் சுமார் 24,000. இங்கிலாந்தின் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் அப்படத்தின் பிரதி ஒன்றைப் பெற்றுத் தம் இல்லத்தில் வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்திற்கும் துளை அட்டைகளையே தேர்ந்துகொண்டார். இன்றைய கணினியின் முன்னோர்களுள் தறியும் ஒன்று என்று கூறுவது வெறும் பெருமைப் பேச்சன்று.

வரைந்த பொம்மையும் வரைந்த குண்டுக் கருவியும்

யந்திரத்தைக் கொண்டு படம் வரைவிக்கும் ஆசை மிகப் பழையது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹென்றி மையார்டே என்னும் கடிகாரத் தொழிலாளர் சுமார் 1800-ஆம் ஆண்டில் ஒரு பொம்மையை அமைத்தார். அது நான்கு படங்களை வரையும். மூன்று கவிதைகளை எழுதும். அதன் நினைவு முழுவதும் பித்தளைத் தகடுகளின் மேடு பள்ளங்களில் அடங்கியிருந்தது. 1928-இல் அது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள பிராங்க்ளின் நிலையத்திற்குச் சிதைந்த நிலையில் வந்து சேர்ந்தது. அதனை அளித்த குடும்பத்தார், வேறொருவர் செய்த பொம்மை அது என்றே கருதியிருந்தனர். பழுது பார்த்து இயக்கியபோது, கவிதையின் முடிவில் "மையார்டேயின் பொம்மை எழுதியது" என்னும் பொருளுடைய வரியைப் பொம்மையே எழுதிக் காட்டிற்று. தன்னைச் செய்தவரின் பெயரை யந்திரமே காப்பாற்றித் தந்தது.

வீட்டில் செய்த சித்திர யந்திரங்களுக்கு முன்மாதிரியாக இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தத்துவ ஆசிரியராயிருந்த டெஸ்மண்ட் பால் ஹென்றி என்பவரின் கருவியைச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போரில் விமானங்களிலிருந்து குறிபார்த்துக் குண்டு வீசுவதற்குப் பயன்பட்ட கணக்குக் கருவி ஒன்றை 1952-இல் அவர் இராணுவக் கழிவுப் பொருளாக வாங்கினார். அதன் உள்ளே சுழலும் உறுப்புகளின் அழகிய அசைவைத் தாளில் பதிக்க வேண்டும் என்று எண்ணி, 1960-களில் அதனையே சித்திர யந்திரமாக மாற்றினார். 1968-இல் லண்டனில் கணினியும் கலையும் பற்றி நடந்த புகழ்பெற்ற கண்காட்சியில் அவருடைய கருவியும் இடம்பெற்றது. அழிவுக்கென்று செய்யப்பட்டது அழகுக்கு உதவிற்று.

நாம் இங்கு விவரிக்கப்போகும் வகைக்கு அண்மைய முன்னோடி 2002-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் யூர்க் லேனி, ஊலி பிராங்கே என்னும் இருவர் அமைத்த "ஹெக்டர்" ஆகும். இரண்டு மோட்டார்கள், இரண்டு பல்வார்கள், நடுவே தொங்கும் வண்ணக் குப்பி. அது சுவரில் படம் வரைந்தது. அதன் பின் 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், மாணவர்களுக்கென்று "ஆர்டுயினோ" என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை தோன்றிற்று. அதன் அமைப்பு யாவரும் பார்த்துச் செய்யுமாறு வெளியிடப்பட்டமையால், இத்தகைய யந்திரம் சாதாரண வீடுகளுக்கும் எட்டுவதாயிற்று.

வேண்டிய பொருள்கள்

நேரான மரப்பலகை ஒன்று. ஒரு சுற்றுக்கு 200 படிகளாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார்கள் இரண்டு. கடைகளில் "நேமா 17" என்று கேட்டால் கொடுப்பார்கள். பழைய அச்சு யந்திரங்களிலும் ஸ்கேனர்களிலும் ஸ்டெப்பர் மோட்டார்கள் உண்டு. ஆகவே கழிவுப் பொருளை வீசுமுன் திறந்து பார்ப்பது நலம். 2 மில்லிமீட்டர் இடைவெளியில் பற்களுள்ள வார் இரண்டு; 20 பற்களுள்ள கப்பி இரண்டு; மோட்டாரை ஓட்டும் "ஏ4988" வகைச் சிறு பலகை இரண்டு; ஆர்டுயினோ பலகை ஒன்று; பேனாவைத் தூக்கி இறக்க சுமார் 9 கிராம் எடையுள்ள சர்வோ மோட்டார் ஒன்று; 12 வோல்ட் மின்வழங்கி ஒன்று; வார்களின் மறுமுனையில் கட்ட எடைக்கற்கள் இரண்டு. பேனாவைத் தாங்கும் வண்டியைத் தடித்த அட்டையிலோ மரத்துண்டிலோ செய்துகொள்ளலாம்.

பலகையின் மேல் மூலைகள் இரண்டிலும் மோட்டார்களைப் பொருத்த வேண்டும். இரண்டு கப்பிகளிலிருந்தும் வரும் வார்கள் நடுவில் பேனா வண்டியைத் தாங்குகின்றன. ஒரு வாரை இழுத்து மற்றொன்றை விட்டால் வண்டி பக்கவாட்டில் செல்லும். இரண்டையும் விட்டால் கீழே இறங்கும். கிணற்றில் விழுந்த குடத்தை இரு கரையிலிருந்தும் இருவர் கயிறு பிடித்து நடத்துவது போன்றதே இது.

20 பற்கள் 2 மில்லிமீட்டர் வீதம் ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் ஆகிறது. 200 படிகளில் 40 மில்லிமீட்டர் என்றால் ஒரு படிக்கு 0.2 மில்லிமீட்டர். ஓட்டும் பலகை ஒவ்வொரு படியையும் 16 சிறு பங்குகளாகப் பிரிக்க வல்லது. அப்போது ஒரு மில்லிமீட்டருக்கு 80 சிறு படிகள் கிடைக்கும். சித்திரத்திற்கு இந்த நுட்பம் தாராளமாகப் போதும்.

கணக்கே யந்திரத்தின் உயிர்

இந்த யந்திரத்தில் உள்ள மிகச் சுவையான பகுதி அதன் கணக்கு. பள்ளியில் படித்த செங்கோண முக்கோண விதி இங்கு நாள்தோறும் உழைக்கிறது.

இரண்டு கப்பிகளுக்கும் இடையே 140 சென்டிமீட்டர் தூரம் என்று கொள்வோம். பேனா இடக் கப்பியிலிருந்து வலமாக 50 சென்டிமீட்டரிலும், கீழாக 120 சென்டிமீட்டரிலும் நிற்கிறது. இட வாரின் நீளம் என்ன? 50-இன் வர்க்கம் 2,500; 120-இன் வர்க்கம் 14,400; கூட்டினால் 16,900; அதன் வர்க்கமூலம் 130. வல வாருக்குப் பக்கத் தூரம் 90; அதன் வர்க்கம் 8,100; 14,400-ஐக் கூட்டினால் 22,500; வர்க்கமூலம் 150. ஆகவே இட வார் 130, வல வார் 150.

இப்போது பேனாவை அதே மட்டத்தில் வலப்பக்கம் 40 சென்டிமீட்டர் நகர்த்தி ஒரு நேர்கோடு இழுக்க வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் இட வார் 150, வல வார் 130 ஆகும். "ஒன்றை 20 சென்டிமீட்டர் விடு, மற்றதை 20 சென்டிமீட்டர் இழு, வேலை முடிந்தது" என்று தோன்றும். அவ்வாறு இரு மோட்டார்களையும் ஒரே சீராக ஓட்டினால் பாதி வழியில் இரு வார்களும் 140 ஆக இருக்கும். அந்நிலையில் பேனா 120 சென்டிமீட்டரில் இராது, சுமார் 121.2 சென்டிமீட்டர் ஆழத்திற்கு இறங்கியிருக்கும். கோடு நடுவில் 12 மில்லிமீட்டர் தொய்ந்துவிடும். தொடங்கிய இடமும் சரி, முடிந்த இடமும் சரி. இடைவழி மட்டும் பிழை.

இதற்குப் பரிகாரம் யாதெனில், நீண்ட கோட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முனைக்கும் வார் நீளத்தைத் தனியே கணக்கிடுவதாகும். துண்டின் நீளம் பாதியானால் தொய்வு ஏறத்தாழ நாலில் ஒன்றாகக் குறையும். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு முறை கணக்கிட்டால் தொய்வு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. வளைந்த பூங்கொடியானாலும் மயிலின் கழுத்தானாலும், யந்திரத்திற்கு அவை யாவும் சிறு நேர்துண்டுகளின் வரிசையே. நெய்த துணியின் வளைவுகளும் அருகில் பார்த்தால் படிப்படியான கட்டங்களே என்பதை நெசவாளர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

பலகையின் எல்லா இடத்திலும் வரைய இயலாது என்பதையும் நினைவில் கொள்க. துணி உலர்த்தும் கொடியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஈரத்துணியைப் போட்டால் நடுவில் சிறிதேனும் தொய்யும். அவ்வாறே பேனா வண்டி மேல் விளிம்பை நெருங்க நெருங்க வார்களின் இழுவிசை அளவு கடந்து ஏறும்; மோட்டார் திணறும். ஒரு கப்பிக்கு நேர் கீழே சென்றாலோ மற்ற வார் தளர்ந்துவிடும். ஆகவே மேலும் பக்கங்களிலும் போதிய இடம் விட்டு, நடுப்பகுதியிலேயே தாளை ஒட்டுதல் வேண்டும்.

மின் இணைப்பில் கவனிக்க வேண்டியவை

ஸ்டெப்பர் மோட்டாரில் நான்கு கம்பிகள் இருக்கும். அவை இரண்டு சுருள்களின் முனைகள். எவை இணை என்பதை மல்டிமீட்டரால் அறியலாம். அது இல்லாதவர், மோட்டாரை எதனோடும் இணைக்காமல், இரு கம்பிகளின் முனைகளை ஒன்றாகத் தொடுத்து அச்சைக் கையால் திருப்பிப் பார்க்கலாம். அவ்விரண்டும் ஒரே சுருளைச் சேர்ந்தவையாயின் அச்சு முன்னைவிடக் கடினமாகத் திரும்பும்.

மின்சாரம் ஓடும்போது மோட்டாரின் கம்பியைப் பிடுங்குதலும் சொருகுதலும் கூடா. அவ்வாறு செய்தால் ஓட்டும் பலகை நொடியில் பழுதாகிவிடக்கூடும். அப்பலகையின் மீதுள்ள சிறு திருகை மெல்லத் திருப்பி, மோட்டாருக்குரிய அளவைத் தாண்டாதபடி மின்னோட்டத்தை முதலிலேயே அமைத்துவிடுதல் வேண்டும். மோட்டார்களுக்கு மின்சாரம் நுழையும் இடத்தில் 100 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றை, கூட்டல் கழித்தல் முனைகளைப் பார்த்து இணைக்க வேண்டும். சர்வோ மோட்டாருக்கு 5 வோல்ட் தனியாக வழங்குவது நன்று. ஆனால் எல்லாப் பலகைகளின் பூஜ்ய முனையும் ஒன்றாக இணைந்திருத்தல் அவசியம். வீட்டு மின்சாரத்தை நேரே தொடும் வேலை இதில் எதுவுமில்லை; 12 வோல்ட் மின்வழங்கியைத் தயாராகவே வாங்கிக்கொள்க. பிள்ளைகள் அதன் பெட்டியைத் திறவாதபடி பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆர்டுயினோ ஊனோ பலகையின் வேலை நினைவு 2 கிலோபைட் மட்டுமே. முழுப் படத்தையும் அது மனத்தில் வைக்க இயலாது. ஆகவே கணினி ஒரு வரி கட்டளையை அனுப்பும். பலகை அதனை முடித்து "ஆயிற்று" என்று பதில் கூறும். பிறகு அடுத்த வரி வரும். தறியில் அட்டைக்குப் பின் அட்டை வருவதும் இதுவும் ஒன்றே. படத்தைக் கோடுகளாக வரைவதற்கு "இங்க்ஸ்கேப்" போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

இந்த யந்திரத்திற்குக் கண் இல்லை என்பதை மறத்தலாகாது. தான் எத்தனை படி நடந்தோம் என்று எண்ணிக்கொண்டு செல்கிறதேயன்றி, பேனா உண்மையில் எங்கிருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. இடையில் வார் ஒரு பல் வழுக்கினால், ஓர் ஊடை தப்பிய துணியைப் போல அதற்குப் பின் வரும் யாவும் இடம் மாறிவிடும். மின்சாரம் நின்றாலும் அப்படியே. வண்டி சரியும், கணக்கும் மறந்துபோகும். ஆகவே பலகையில் ஒரு தொடக்கப் புள்ளியை ஆணித்தரமாகக் குறித்து வைத்து, ஒவ்வொரு முறையும் பேனாவை அங்கே நிறுத்தியே வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் ஒரு சதுரத்தை வரையச் செய்து, நான்கு பக்கங்களையும் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்ப்பது சிறந்த சோதனை. மூலைவிட்டங்கள் சமமாக இல்லையெனில் கப்பிகளின் இடைத்தூரத்தையோ தொடக்கப் புள்ளியையோ தவறாக அளந்திருக்கிறோம் என்று பொருள்.

நமக்கு இதனால் ஆவது என்ன?

துணியில் ஓர் அங்குலத்திற்குப் பாவு 80 இழை, ஊடை 60 இழை என்று வைத்துக்கொள்வோம். சதுரக் கட்டத் தாளில் வட்டமாக வரைந்த புட்டா அத்துணியில் வட்டமாக வாராது. நீண்டு முட்டை வடிவாகும். அதற்குரிய தாளில் ஒவ்வொரு கட்டமும் அகலம் மூன்று பங்கு, உயரம் நான்கு பங்கு என்ற அளவில் இருத்தல் வேண்டும். இழைக்கணக்கு மாறுந்தோறும் இவ்விகிதமும் மாறும். வேண்டிய விகிதத்தில் கட்டத் தாள் கோடிட்டுத் தருவது இந்த யந்திரத்திற்கு மிக எளிய பணி. சிறிதாக வரைந்த முந்தானைச் சித்திரத்தை முழு அளவில் பெருக்கிக் காட்டவும் அது உதவும். தறியில் ஏற்றுமுன் அதனைச் சுவரில் மாட்டி நால்வரும் கூடிக் குறை நிறை பேசலாம். பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்கள் தம் நிலத்தின் வரைபடத்தைப் பெரிதாக வரைந்து, வாய்க்காலையும் சொட்டுநீர்க் குழாயையும் அதில் குறித்துப் பார்க்கலாம்.

அச்சு யந்திரம் இதனைவிட விரைவாகச் செய்யுமே என்று கேட்கலாம். உண்மைதான். ஒரு படத்தை இது வரைந்து முடிக்க மணிக்கணக்காகலாம். வேகத்திற்காக இதனை நாம் பரிந்துரைக்கவில்லை. அச்சு யந்திரத்தின் உள்ளம் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. இதன் உள்ளமோ கண்முன் தொங்குகிறது. இதனை அமைத்துப் பழகிய இளைஞன் நாளை மின்னணு ஜக்கார்டின் பழுதைக் கண்டு அஞ்சமாட்டான். அதன் சொற்கள் அவனுக்கு முன்பே தெரிந்தவை.

யந்திரம் யாருடையது?

இங்கு ஒரு முக்கிய விஷயத்தைக் கூறாமல் விடுவதற்கில்லை. ஜக்கார்டின் கருவி தோன்றிய லியோன் நகரில் 1831-ஆம் ஆண்டு பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். நெசவுக்குக் குறைந்தபட்சக் கூலி விகிதம் வேண்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கை. உலகின் மிக நுட்பமான தறியை இயக்கியவர்கள், தம் உழைப்பின் விலையைத் தாமே நிர்ணயிக்க இயலாதிருந்தனர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிப் புகழ்பெற்ற கூட்டுறவுக் கடையைத் தொடங்கினர். அவர்களிலும் நெசவாளர் பலர் இருந்தனர். கருவியின் நுட்பம் மட்டும் உழைப்பவனைக் காப்பாற்றாது. கருவியும் கணக்கும் எவர் கையில் இருக்கின்றன என்பதே வாழ்வைத் தீர்மானிக்கும் என்ற உண்மையை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

நெசவுச் சித்திரம் கணினிக் கோப்பாக மாறும் இந்நாளில் இக்கேள்வி நம் வாசலிலும் நிற்கிறது. தாளில் வரைந்த சித்திரத்தைத் திருட நேரம் பிடிக்கும். கோப்பை நகலெடுக்க ஒரு நொடி போதும். ஒரு குடும்பம் தலைமுறையாகக் காத்த கரைச் சித்திரம் வெளியார் கணினியில் உறங்கினால், அதனைத் திரும்பப் பெறவும் பணம் கொடுக்க நேரிடலாம். அதே கரையை விசைத்தறித் துணியில் கண்டு மனம் வெதும்பவும் நேரிடலாம்.

ஆகவே சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம். முதலாவது, சித்திரக் கோப்புகளைச் சங்கத்தின் சொந்தப் பெட்டகத்தில், இரண்டு பிரதிகளாக வைத்தல். இரண்டாவது, ஒவ்வொரு சித்திரத்திற்கும் வரைந்தவர் பெயர், ஆண்டு, இழைக்கணக்கு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுதல். சித்திரம் பயன்படுந்தோறும் அவருக்குரியதைக் கொடுத்தல். மூன்றாவது, சங்கக் கட்டடத்தில் ஓர் அறையை ஒதுக்கி, பழுது பார்க்கும் கருவிகளும் இத்தகைய சித்திர யந்திரம் ஒன்றும் அமைத்து, விடுமுறை நாட்களில் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள், ஆண் பெண் இருபாலாரும், கற்றுக்கொள்ள இடம் செய்தல்.

மையார்டேயின் பொம்மை தன்னைச் செய்தவரின் பெயரை நூறாண்டுக்குப் பின்னும் எழுதிக் காட்டியது. நம் சங்கத்தில் வரையப்படும் சித்திரங்களும் அவற்றை ஆக்கியவரின் பெயரோடு நிலைத்திருக்க வேண்டும். அதற்குப் பதிவேட்டின் முதல் பக்கத்தை இந்த மாதமே திறக்கலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைதான்.